கலசத்துக்கு நேரே நின்ற லிஃப்ட்

கங்கையும் காவிரியும் இன்னும் ஏழெட்டுப் புண்ணிய நதிகளும் கைகோத்துக்கொண்டு சென்னையில் ஒரு லிஃப்டுக்குள் புகுந்தன. உள்ளே ஒட்டி நின்ற இரண்டு பேரில் ஒருவரைத் தலைமுதல் கால்வரை குளிப்பாட்டின. மற்றவருடைய சட்டையில் ஒரு பொட்டு ஈரம்கூட வைக்காமல் போயே போய்விட்டன. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நன்றாகச் சிரிக்கட்டும். அடியார் பெருமை பேச வந்துவிட்டுச் சிரிப்புக்குப் பயந்தால் நடக்குமா?

நனைந்தவர் பெயர் மாசிலாமணியார். வெள்ளிக்குப்பத்துக்காரர். கடற்கரைச் சாலையில் கரைகாத்தநாதர் கோயிலுக்கு நேர் எதிரே நிற்கும் பத்து மாடிக் காட்சி டவரில் லிஃப்ட் இயக்குவது அவர் தொழில்.

மயிலாப்பூர்க் கோயில், சாந்தோம் தேவாலயம், ஆயிரம் விளக்கு மசூதி என்று காலையிலிருந்து ஏறி இறங்கிக் களைத்துப்போன கூட்டத்தை டூரிஸ்ட் பஸ்கள் கடைசியில் இந்த டவர் வாசலில் கொண்டுவந்து கொட்டும். “இனிமே நடக்கவே வேணாம். மேலே போய் நின்னா பாத்தது பாக்காதது எல்லாத்தையும் ஒரே பார்வையிலே பாத்துடலாம்” என்று கைடுகள் ஆசை காட்டுவார்கள். அதில் பொய் இல்லை. மேல்தளத்தில் நின்றால் மாதாகோயிலின் வெள்ளைக் கோபுரம் தெரியும், கலங்கரை விளக்கம் தெரியும், கரைகாத்தநாதரின் ஏழுநிலை ராஜகோபுரம் காலடியில் தெரியும். வானம் தெளிந்திருந்தால் திருப்பதி மலை தெரியும். இன்னும் கொஞ்சம் தெளிந்தால் இலங்கையில் யாரோ மாடியில் துணி உலர்த்துவதும் தெரியும்.

மாசிலாமணியாருக்கு மட்டும் எதுவும் தெரியாது. லிஃப்ட் என்பது நாலு தகரச் சுவர், கூரையில் ஒரு மின்விசிறி, அதற்குக் கீழே ஒரு ஸ்டூல், கதவுக்கு மேலே மாடி எண்களைக் காட்டும் விளக்கு வரிசை. ஜன்னல் கிடையாது. ஊருக்கே ஊரைக் காட்டியவர், தாம் பார்த்ததெல்லாம் ஊராரின் பின்னந்தலைகளைத்தான். ஒருவருடைய பின்னந்தலையைக் கொண்டே அவர் எந்த ஜில்லா என்று சொல்லிவிடுவாராம். நான் நம்புகிறேன்.

கோயிலில் விசேஷம் என்றால் டவரில் கூட்டம் அலைமோதும். ஆகவே விசேஷ நாள் எதிலும் அவருக்கு விடுமுறை கிடைத்ததில்லை. தேர்த் திருவிழா அவருக்கு லிஃப்டின் அடிவாரத்தில் கேட்கும் ஒரு முழக்கம். தெப்பம் என்றால் ஏறுகிறவர்களின் ஈரக் காலடி. மகா சிவராத்திரி என்றால் கூட்டத்தோடு உள்ளே வரும் விபூதி வாசனை. தெருவின் குறுக்கே நடந்தால் கோயில் வாசல். அந்தத் தெருவைத் திருவிழா நாளில் கடக்க அவரால் முடிந்ததே இல்லை. கூண்டு மேலும் கீழும் ஓடியது. அவர் கூண்டுக்குள் இருந்தார்.

ஆனாலும் அவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அவரை உறுத்தியது வேறொன்று. ராஜகோபுரத்துக் கலசம் டவரின் ஏழாம் மாடிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. அதைத் தாண்டி லிஃப்ட் மேலே போகிறது. அதாவது, நாதரின் தலைக்கு மேலே தம் கால் போகிறது. “வயித்துப் பொழப்புக்குச் செய்யுறேன், பொறுத்துக்கோ நைனா” என்று முதல் நாளே அவர் நாதரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு தமக்குத் தாமே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். லிஃப்டுக்குள் செருப்பு இல்லை. ஏழாம் விளக்கு எரிந்தால், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இடுப்பு மடியும் மட்டும் குனிய வேண்டும். மேலே கதவு திறந்து ஜனங்கள் இறங்கிப் போகும்போதும் நிமிரக் கூடாது. மேல்தளத்தில் கால் வைக்கவே கூடாது. கீழே இறங்கும்போது ஏழாம் விளக்கு அணைந்தபிறகே தலை நிமிரலாம்.

பஸ்ஸில் வந்த கூட்டம் சும்மா இருக்குமா?

“என்னண்ணே, இடுப்புப் பிடிச்சுக்கிச்சா?” என்பார் ஒருவர்.

“காசு கீசு விழுந்துடுச்சா? நாங்களும் தேடவா?” என்பாள் ஒரு பெண்.

“மேலே போகப் போகக் குனியறார் பாரு. நம்ம ஆபீஸ்லே மேலே போனவன் எவனாவது இப்படிக் குனியறானா?” என்று ஒரு நாள் ஒருவர் கேட்டதற்கு மட்டும் மாசிலாமணியாரும் குனிந்தபடியே சிரித்துவிட்டார்.

எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் டவரின் மேனேஜர் பராங்குசம். சிரிப்போடு நில்லாமல் சுற்றறிக்கை விடுகிற சாதி. “தொப்பி யூனிஃபார்ம்ய்யா. அதைக் கழட்டக் கூடாது. குனியறதுன்னா தொப்பியோடயே குனி. உன் சாமி தலையைப் பாக்குமா, தொப்பியைப் பாக்குமா?” என்று உத்தரவு போட்டார். மாசிலாமணியார் அன்று முதல் தொப்பியோடு குனிந்தார். நாதரிடம் இன்னொரு மன்னிப்புச் சேர்ந்தது.

பராங்குசத்தைப் பற்றி ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். லிஃப்ட் கதவு மூடினால் அவருக்கு மூச்சு முட்டும். பத்து மாடிக் கட்டடத்துக்கு மேனேஜராக இருந்துகொண்டு இதை வெளியில் சொல்ல முடியுமா? “உடம்புக்கு நல்லதுய்யா” என்று சொல்லிக்கொண்டு படியேறுவார். மேல்தளம் போய்ச் சேரும்போது அவர் உடம்பில் நல்லதாக எதுவும் மிஞ்சியிருக்காது. மாசிலாமணியாருக்கு இது தெரியும். ஒருவரிடமும் சொன்னதில்லை.

இப்படி இருக்கையில் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார்கள்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிற வைபவம். யாகசாலையில் வைத்துப் பூசித்த புண்ணிய நதிகளின் நீரைக் கோபுரக் கலசத்தில் ஊற்றி, கீழே நிற்கும் ஜனங்கள்மீது தெளிப்பார்கள். அந்த நீரில் ஒரு துளியாவது தலையில் பட வேண்டும் என்று குழந்தைகூட எம்பிக் குதிக்கும். சென்ற கும்பாபிஷேகத்தன்று மாசிலாமணியார் லிஃப்டுக்குள் இருந்தார். அவர் மனைவி கன்னியம்மாள் கூட்டத்தில் நின்று நனைந்தார். அந்த ஈரத்தை முந்தானையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கணவரின் தலையில் பிழிய டவருக்கு ஓடி வந்தார். கூட்டம் வழிவிடவில்லை. அவர் லிஃப்ட் வாசலை அடைவதற்குள் சென்னை வெயில் முந்தானையைப் பொரபொரவென்று காய வைத்துவிட்டது. பிழிந்து பிழிந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

“போவட்டும்யா. அடுத்த தபா ரெண்டு பேரும் ஒண்ணா நனையலாம்” என்றார்.

அடுத்த தடவைக்குக் கன்னியம்மாள் இல்லை. மாசிலாமணியாருக்கும் ஓய்வுபெற ஒரு மாதம்தான் பாக்கி. நெஞ்சில் சளி. அதற்கடுத்த கும்பாபிஷேகத்துக்குத் தாம் இருக்க மாட்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக மேனேஜர் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சார், ஒரு வேளை லீவு. காலை மட்டும். தண்ணி ஊத்துற நேரத்துக்கு நான் கோபுரத்தாண்ட நிக்கணும்.”

“யோவ், அன்னைக்குத்தான்யா நமக்கு அறுவடை. முதலாளி வராரு, அவரோட பெரிய மனுஷங்க வராங்க. உனக்கு என்ன, ஒரு துளி தண்ணி தானே வேணும்? பாத்ரூம்லே பைப்பைத் திருப்பிக்கோ.”

மாசிலாமணியார் நகரவில்லை. பராங்குசத்துக்கே என்னவோ போலிருந்தது. “சரி, பெரிய மனுஷங்களை எல்லாம் மேலே ஏத்தி முடி. முடிச்சதும் ஓடு. அந்த நேரத்துக்கு லிஃப்ட் சும்மாதான் நிக்கும்” என்றார். கிழவர் கண்ணில் நீர் தளும்பியதைப் பார்த்ததும், “இப்பவே அபிஷேகமா?” என்று கேட்டுச் சிரித்தார். அவரால் அப்படிக் கேட்காமல் இருக்க முடியாது.

அந்த நாளும் வந்தது. கடற்கரைச் சாலையில் கடல் எது, கூட்டம் எது என்று மீன்களே குழம்பின. மேல்தளத்தில் பிரமுகர்கள் வியர்க்கக் கூடாதென்று புதிதாக ஏர்கண்டிஷனர்கள் மாட்டியிருந்தார்கள். மாசிலாமணியார் பட்டுப் புடைவைகளையும் செண்டு வாசனைகளையும் அடுக்கடுக்காக மேலே ஏற்றினார். கடைசிப் பிரமுகரும் இறங்கிப் போனார். லிஃப்டைக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, வாசலை நோக்கித் திரும்பினார். தெருவுக்கு அப்பால் நாதசுவரம் அழைத்தது.

அப்போது பராங்குசம் எதிரே ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“மாசிலாமணி, முதலாளி மேலேருந்து கூப்பிடறார். இப்பவே வரணுமாம். படியிலே ஏறினா போய்ச் சேர மாட்டேன்யா.”

“லிஃப்ட் திறந்துதான் சார் இருக்குது. பத்தை அமுக்கினா போயிடும்.”

பராங்குசம் லிஃப்டைப் பார்த்தார். சிங்கத்தின் வாயைப் பார்ப்பது போலப் பார்த்தார். “தனியாவா?” என்றார். அந்த ஒரு சொல்லில் அவருடைய பதவி, சுற்றறிக்கை, சிரிப்பு எல்லாம் கரைந்துபோயின.

மாசிலாமணியார் கோயில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். யாகசாலையிலிருந்து புனித நீர்க் கடங்கள் புறப்பட்டுவிட்டதற்கு அடையாளமாகச் சங்கு ஒலித்தது. போய்விட்டு வந்தால் நேரம் இருக்குமா? தெரியாது. எதிரே ஒரு மனிதர் நடுங்கிக்கொண்டு நிற்கிறார், இது தெரியும்.

“வாங்க சார். என் கையைப் புடிச்சுக்குங்க” என்றார்.

கதவு மூடியது. நாலாம் விளக்கு, ஐந்தாம் விளக்கு, ஆறாம் விளக்கு. ஆறும் எரிந்து அணைந்தது. டக்கென்று ஓர் உதறல். மேலே புதிதாக மாட்டிய ஏர்கண்டிஷனர்கள் எல்லாம் ஒன்றாக மூச்சுவிட்டதில் டவரின் ஃபியூஸ் மொத்தமும் போய்விட்டது. விளக்கு அணைந்தது. விசிறி நின்றது. லிஃப்டும் நின்றது.

“என்னய்யா ஆச்சு?”

“கரண்ட் போச்சு சார். பயப்படாதீங்க. கயிறு கெட்டி.”

“பயமா? யாருக்கு? கையை விட்டுடாதேய்யா!” பராங்குசம் மறுகையால் செல்போன் விளக்கைப் போட்டார். “ஜெனரேட்டர் எங்கே போச்சு?”

“டீசல் இல்லை சார். போன வாரமே சொன்னேன். ‘டீசல் என்ன அபிஷேகத் தண்ணியா, சும்மா சும்மா ஊத்த’ன்னு கேட்டீங்க.”

பராங்குசம் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, மெக்கானிக் கீழே கூட்டத்தில் மாட்டிக்கொண்டு அங்குலம்கூட நகர முடியாமல் நிற்பதாகப் போனில் தகவல் வந்தது. அதன்பிறகு அவர் விட்ட பெருமூச்சில் ஒரு பாய்மரக் கப்பலே ஓடியிருக்கும். மாசிலாமணியார் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவரை உட்காரச் சொன்னார். உட்கார மாட்டேன், உட்கார்ந்தால் சுவர் கிட்டே வருகிறது என்றார். காற்று வேண்டும் என்று கதறி, செல்போனை விளக்கோடு சட்டைப் பையில் செருகிவிட்டு, மாசிலாமணியாரின் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி விசிறிக்கொண்டார். கழற்றவே கூடாது என்று உத்தரவு போட்டவர் கையாலேயே அந்தத் தொப்பி கழன்றது. இதை நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

தகரச் சுவருக்கு வெளியே மேளம் வேகம் எடுத்தது. “நமசிவாய” என்று ஜனக்கடல் எழுப்பிய ஒலி லிஃப்டின் குழிக்குள் இறங்கிவந்து கூண்டையே அதிர வைத்தது. கடங்கள் கோபுரத்தில் ஏறுகின்றன. மாசிலாமணியார் கண்ணை மூடிக்கொண்டார். கன்னியம்மாளின் காய்ந்த முந்தானை அவர் நினைவில் வந்திருக்க வேண்டும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் தோள் குலுங்கியது.

பராங்குசத்துக்குப் பயம் கோபமாக மாறியது. “தினமும் குனிஞ்சியே, எங்கேய்யா உன் சாமி? எதிரே தானே உக்காந்திருக்காரு! குனிஞ்சவனுக்கு இதுதான் மரியாதையா? பொட்டியிலே போட்டுப் பூட்டறதா?”

மாசிலாமணியார் பதில் சொல்லக் கண்ணைத் திறந்தார். பராங்குசம் விசிறிய வேகத்தில் அவர் சட்டைப் பையிலிருந்த செல்போனின் வெளிச்சம் கதவுக்கு மேலே விளக்கு வரிசையில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். அவர் முகம் மாறியது.

“சார், ஆறு அணைஞ்சப்புறம்தானே நின்னுது?”

“அதுக்கென்ன இப்போ?”

“ஏழு எரியலை.”

“எரியலைன்னா எரியலைய்யா!”

“ஆறுன்னா அவர் தோளுக்குக் கீழே. ஏழுன்னா தலைக்கு மேலே. நடுவுலே நிறுத்தியிருக்காரு சார். கலசத்துக்கு நேரா! ஒரு அங்குலம் மேலே இல்லை, ஒரு அங்குலம் கீழே இல்லை. இந்நாள் வரைக்கும் ஒண்ணு அண்ணாந்து பாத்திருப்பேன், இல்லைன்னா குனிஞ்சு கெடந்திருப்பேன். இன்னைக்கு நேரா நில்லுடான்னு நிறுத்தியிருக்காரு.”

சொல்லிவிட்டு அந்த உயரத்தில் முதல் தடவையாக அவர் நிமிர்ந்து நின்றார். கோயில் இருந்த பக்கத்துத் தகரச் சுவரைப் பார்த்துக் கைகளைக் கூப்பினார். மேல்தளத்தில் பெரிய மனிதர்கள் எல்லாரும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கலசத்தை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் லட்சம் பேர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலசத்தை நேருக்கு நேர் பார்த்து நின்றவர் அந்த ஊரிலேயே இவர் ஒருவர்தான். நடுவில் ஒரு தகரம். அது ஒரு பொருட்டா?

வெளியே குலவையும் மணியும் வெடித்தன. கலசத்தில் நீர் விழுந்துவிட்டது.

அடுத்து நடந்ததை மேல்தளத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். கூட்டத்தின்மீது தெளிப்பதற்காகப் புனித நீரைக் கேனில் நிரப்பி ஒரு டிரோனை ஏவியிருந்தார்கள். கிளம்பியது. ஜனங்களின் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்தது. கடலிலிருந்து ஒரு காற்று எழுந்தது. நான் சொல்கிறேன், அப்படியொரு காற்று புயல் காலத்தில்கூட எழுந்ததில்லை. கீழே இயக்குகிறவர் பொத்தான் பொத்தானாக அமுக்கிப் பார்த்தார். டிரோன் தனக்கு வேறு யாரோ உத்தரவு போட்டதுபோல விர்ரென்று டவரை நோக்கி வந்தது, பெரிய மனிதர்களைச் சட்டையே செய்யாமல் அவர்கள் தலைக்கு மேல் பறந்தது, மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறையின் உடைந்த ஜன்னலில் போய் மோதி, கேனை உள்ளே கவிழ்த்தது. நீர் மோட்டார் அறையின் தரையில் பரவி, கயிறு இறங்கும் துவாரத்தைக் கண்டுபிடித்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று இறங்கி வந்தது.

லிஃப்டின் கூரைத் துவாரத்தில் நின்றுபோன விசிறி. விசிறிக்கு நேர் கீழே, தொப்பி இல்லாத ஒரு வழுக்கைத் தலை.

துளி என்று நினைத்தீர்களா? கொட்டியது! சந்தனமும் பச்சைக் கற்பூரமும் மணக்க மணக்க, நெற்றி வழியே, கூப்பிய கை வழியே, காக்கிச் சட்டை வழியே, செருப்பில்லாத பாதம்வரை அவரை முழுக்காட்டியது. கடைசியில் ஒரு வில்வ இலை மிதந்து வந்து உச்சந்தலையில் அமர்ந்தது. கன்னியம்மாள் பிழிந்து பிழிந்து வராத நீர் அத்தனையும் சேர்ந்து வந்ததுபோல இருந்தது.

“நைனா” என்றார் மாசிலாமணியார்.

பராங்குசம் அவருடைய முழங்கையைப் பிடித்தபடி ஒட்டி நின்றுகொண்டிருந்தார். விசிறுவதை எப்போது நிறுத்தினார் என்பது அவருக்கே தெரியாது.

மெக்கானிக் வந்து, கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை இறக்கிக் கதவைத் திறந்தபோது வாசலில் கூட்டம் கூடியிருந்தது. சொட்டச் சொட்ட ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் வந்தார். மாசிலாமணியார் தெருவைக் கடந்து போய்க் கோயில் வாசலில் விழுந்து வணங்கினார். அவர் சட்டை ஈரத்தைத் தொட்டுத் தலையில் வைத்துக்கொள்ளப் பெண்கள் போட்டிபோட்டார்கள். பராங்குசம் மட்டும், “மோட்டார் ரூம் ஜன்னல் உடைஞ்சு கெடந்துது. காத்து அடிச்சுது. தண்ணி ஒழுகிச்சு. இதுக்கு என்னய்யா இவ்வளவு கும்பல்?” என்று சொல்லிவிட்டு, படி வழியாக மேலே போனார்.

ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மாசிலாமணியார் ஓய்வுபெறும் நாளும் வந்தது. லிஃப்ட் வாசலில் நாற்காலி போட்டு மாலை போட்டார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே, “என்னவோ அதிசயம் நடந்ததா எல்லாரும் சொல்றாங்க. கூட இருந்தது நம்ம மேனேஜர். அவரு சொன்னா நம்பலாம். சொல்லுங்க பராங்குசம்” என்றார்.

பராங்குசம் எழுந்தார். “ஜன்னல் உடைஞ்சு…” என்று ஆரம்பித்தார். மாலையோடு உட்கார்ந்திருந்த மாசிலாமணியார் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். லிஃப்டைக் கண்டால் அவருக்கு மூச்சு முட்டும் என்பதை அன்றும் யாரிடமும் சொல்லாத புன்னகை அது. பிறரைச் சுமந்துகொண்டு ஏறி, தமக்கென்று ஒரு நாளும் ஏறாத அந்தப் பெரியவரின் பாதங்கள் வாழ்க. குனிந்தவரை நாதர் நிமிர்த்திய அந்த இடமும் வாழ்க.

பராங்குசம் கையிலிருந்த ஒரு பொருளை மெல்ல நீட்டினார். அன்று பிடுங்கிய தொப்பி. திருப்பிக் கொடுக்காமல் இந்நாள்வரை வைத்திருந்தார்.

“காரணம் எல்லாத்துக்கும் இருக்கு சார். ஜன்னலுக்கு இருக்கு, காத்துக்கு இருக்கு, இந்தத் தொப்பிக்கும் இருக்கு, நான்தான் புடுங்கினேன். ஆனா நான் இவரு கையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன் சார், இப்படி ஒட்டி. இவரு குளிச்ச மாதிரி நனைஞ்சாரு. என் சட்டை நனையலை.” தொப்பியை மாசிலாமணியாரின் மடியில் வைத்தார். “நடந்துது சார். நான் பாத்தேன்.”